மாநிறம்

மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கியம்,
காலை எட்டு மணி வகுப்பு.
கறுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய நாவல்.
மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில்
ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது.
அட்டையில் அவள் முகம்
மை கூடிப்போய் மொத்தமாய் அப்பியிருந்தது.
கண் எது, வாய் எது, தெரியவில்லை.
கடைக்காரர் டோனரைக் குறை சொன்னார்.

நந்திதா ஹெக்டே மிஸ் உரக்கப் படித்தார்.
அந்தச் சொல் வந்த இடத்தில்
தொண்டையைச் செருமிக்கொண்டு
தாண்டிப் போனார்.
நாற்பத்தோரு தலைகள் திரும்பின,
கடைசி பெஞ்சுக்கு.
தான்சானியாவிலிருந்து வந்த ரெஹேமா
பேனா மூடியைக் கடித்தபடி
ஜன்னலுக்கு வெளியே
மெட்ரோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றில் ஒன்று என் தலை.

ஸ்ரீராம்புரத்தில் என் பெயர் கரிச்சட்டி.
தண்ணீர் லாரி வரிசையில் கப்பு என்பார்கள்,
கன்னடத்தில் சொன்னால் வலிக்காது என்பதுபோல.
தரகருக்குக் கொடுத்த தாளில்
நிறம் என்ற கட்டத்துக்குள்
அம்மா மாநிறம் என்று எழுதினாள்.
எழுதியதன் மேலேயே இன்னொரு தரம் எழுதினாள்,
அழுத்தி.
அன்று அந்த வகுப்பில்தான்
அது முதன்முறையாக மெய்யானது.
ரெஹேமா இருந்தாள், அதனால்
நான் மாநிறம்.
மின்விசிறிக்கு நேர் கீழே
இடம் கிடைத்த மாதிரி ஒரு சுகம்.
இதை எந்த விடைத்தாளிலும் நான் எழுதவில்லை.

மதியம் இரண்டிலிருந்து பார்லர் வேலை.
புருவம் நாற்பது ரூபாய், மேலுதடு இருபது,
முகம் முழுக்க பிளீச் முந்நூற்றைம்பது.
தூளையும் க்ரீமையும் குழைத்துப் பூசிவிட்டால்
பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
எரிகிறதா மேடம் என்று கேட்க வேண்டும்.
எரியும்.
இல்லை என்பார்கள்.
அந்தக் கால் மணி நேரங்களில்தான்
நாவலைப் படித்தேன்,
முகம் முகமாக.
இருபத்தாறாவது முகத்தில் முடிந்தது.
சிறுமி அழுகிற இடங்களிலெல்லாம்
பென்சிலால் கோடு போட்டேன்.
இன்னும் அமோனியா வாசனை வீசுகிறது
அந்தப் பக்கங்களில்.

ஒரு சனிக்கிழமை
ரெஹேமா பார்லருக்கு வந்தாள்.
தலை அலசி நுனி வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.
சுகந்தி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்:
"இந்த முடிக்கு எங்ககிட்ட சீப்பு இல்லம்மா."
மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.
நான்காவதில் ஒரு மணப்பெண்,
அவள் புருவத்தின்மேல் நான்.
நூலின் ஒரு முனை என் பல்லிடுக்கில்.
வாயில் நூல் இருந்ததால்தான் பேசவில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.
ரெஹேமா என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.
சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வந்து
நாவலை இரவல் கேட்டாள். கொடுத்தேன்.

இன்டர்னல் தேர்வில் வந்த கேள்வி:
அழகு எவ்வாறு வன்முறையாகிறது? விவாதிக்க.
பதினைந்து மதிப்பெண்.
கூடுதல் தாள் வாங்கி எழுதினேன்.
நூல் கொடுத்தார்கள், கோத்துக் கட்டினேன்.
பதின்மூன்று கிடைத்தது.
உணர்ந்து எழுதியிருக்கிறாய் என்று
ஓரத்தில் சிவப்பு மை.

நேற்று நாவல் திரும்பி வந்தது.
என் கோடுகளை அவள் அழிக்கவில்லை.
தன் பங்குக்கு, பச்சை மையில்,
ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தாள்.
தொண்ணூற்றிரண்டாம் பக்கம்:
அக்காளும் தங்கையும் திருடிய பேரிக்காயைத் தின்று
விதையை யார் தூரம் துப்புவது என்று போட்டி போட்டு
சிரிப்பில் புரையேறித் தவிக்கிறார்கள்.
பக்கத்தில் சுவாஹிலியில் ஒரு சொல்.

எந்த முகம் எரிந்துகொண்டிருந்தபோது
இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேனோ.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று
அவளிடம் கேட்க வேண்டும்.
அதற்கு முன்னால்
வேறொன்றைச் சொல்ல வேண்டும்.